சிவப்புப் பெட்டி

“சௌந்திரக்கா, அந்தச் சுத்தியலக் கீழ வைங்க. நீங்க இப்படியே தட்டிட்டிருந்தா, ஒருநா நம்ம பட்டறையவே மூடிப்போட்டுப் போவணும்!”

முதலாளி குருமூர்த்தி போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சௌந்திரத்துக்கு முகம் செத்துப் போனது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை. லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட்தான் சரக்கு. ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டுவாள் சௌந்திரம். கணீரென்றால் விற்பனைக்கு அனுப்புகிற கட்டுக்குப் போகும். மொத்தென்றால் உள்ளே விரிசல், சிவப்புப் பெட்டிக்குப் போகும். சந்தையில் தேங்காய் தட்டி வாங்குகிற அதே காதுதான்.

“ஏனுங்க, விரிசல் உட்டத எப்படிங்க அனுப்பறது? பாரத்தோட போறப்ப அத்துக்கிச்சுன்னா?”

குருமூர்த்திக்குப் பக்கத்தில் நின்ற தீனதயாளன் சிரித்தார். சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வைத்து, சின்னப் பட்டறைகளுக்குத் தரச் சான்றிதழ் வாங்கித் தருகிறவர். கஷ்டமானதையெல்லாம் சுலபமாக்கிக் கொடுப்பதாகத் தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

“இந்தாம்மா, சர்டிபிகேட்டுக்குச் சோதிக்கற ஆடிட்டர் வந்து இந்தப் பெட்டியப் பாத்தா நூறு கேள்வி கேப்பார். பெட்டியே இல்லேன்னா கேள்வியும் இல்ல. சிம்பிள்!”

குருமூர்த்தியைச் சொல்லியும் குற்றமில்லை. சான்றிதழ் இல்லாமல் ஆர்டர் கிடையாது என்று ஓசூர் டிரெய்லர் கம்பெனி கையை விரித்துவிட்டது. அந்த ஆர்டர் வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான். அது சௌந்திரத்துக்கும் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டாள்.

பெட்டி பின்னால் ஆட்டுக் கொட்டகைக்குப் போனது. சௌந்திரம் கட்டுக் கட்டும் வேலைக்குப் போனாள். ஆடிட்டர் வந்தார், எல்லாம் பளபளவென்று இருப்பதைப் பார்த்தார், இளநீர் குடித்தார், போனார். முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் நன்றாகவே மறைந்துவிட்டது.

சான்றிதழ் வந்த அன்று சந்தனப் பொட்டு வைத்துச் சுவரில் மாட்டினார்கள். முதலாளி மகன் தமிழரசுதான் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். “எடுத்துக்குங்கக்கா, இன்னொன்னு எடுத்துக்குங்க” என்று சௌந்திரத்தின் கையில் திணித்தான். அவள் அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மெல்ல முதலாளியிடம் போனாள். “ஏனுங்க, ஆடிட்டருதான் போயிட்டாருங்களே. பெட்டிய மறுக்கா எடுத்தாந்து வெச்சுக்கட்டுங்களா?”

“வேண்டாங்க்கா. இப்பத்தான் வேல தடங்கலில்லாம ஓடுது. உடுங்க.”

அதற்குப் பிறகு மிஷினிலிருந்து வந்தது வந்தபடி கட்டுக்குப் போனது. கட்டுகிறபோது தவறி ஒன்றோடொன்று மோதினால் சௌந்திரத்தின் காது தானாக நிமிரும். சில சமயம் கணீர். சில சமயம் மொத். எந்த லாரியோ, எந்த மலைப்பாதையோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை மட்டும் நிற்காமல் கட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரிகளில் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

இன்றைக்குக் காலையில் பட்டறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குருமூர்த்தியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டுப் புழுக்கையைத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். மேலே சுத்தியலையும் வைத்தார்.

சௌந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசனுக்கு மனசாட்சி என்று ஒன்று இல்லாமலா போகும்! தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“எல்லாத்தையும் தட்டிப் பாத்தரலாங்களா?”

“எல்லாம் வேண்டாங்க்கா. ஒரே ஒரு லாரிக்கு மாட்டற அளவுக்கு மட்டும். நல்லாக் கணீருங்கறதாப் பாத்துப் பொறுக்கிக் குடுங்க.”

வெளியே ஓசூர் லோடுக்குத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் எதையும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

சௌந்திரம் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். “அதான் சர்டிபிகேட் மாட்டியிருக்குதுங்களே?”

குருமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது ஊருக்குங்க்கா. இந்த லாரிய ஓட்டப் போறது, என்ற பையன் தமிழரசு.”