வாத்தியாரிடம் மிஞ்சிய சொல்

“டேக்,” என்றார் வாத்தியார்.

மனைவி காபியோடு அறைக்குள் நுழைந்ததும், கட்டிலில் சாய்ந்தபடி அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். காபியைக் கேட்கிறார் என்று டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். தலையைத் திருப்பிக்கொண்டார்.

பக்கவாதம் வந்து பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, ஆங்கில வாத்தியாரிடம் இந்த ஒரு சொல்லை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தது. ஆயுசெல்லாம் அவர் கரும்பலகையில் எழுதிப்போட்ட வினைச்சொல். பஸ் பிடிக்கவும் அதுதான், மாத்திரை போடவும் அதுதான், போட்டோ எடுக்கவும் குளிக்கவும்கூட அதுதான் என்று வகுப்பில் கரடியாகக் கத்துவார். பிள்ளைகள் அவருக்கு ‘டேக் வாத்தியார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்து முடித்தது என்னவோ அவர் மனைவிதான்.

இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் ஃபேனை நிறுத்த வேண்டும். கெஞ்சலாக வந்தால் சிறுநீர்க் குடுவை. ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள், டாக்டருக்கே அவர் பேச்சை விளக்கிச் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்றைய டேக் அவளுக்குத் தெரிந்த எதிலும் சேரவில்லை.

ஃபேனை நிறுத்தினாள், திரும்பப் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். குடுவையை நீட்டினாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டி அதையே சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போனது.

காலையிலிருந்தே அவளுக்குத் தலை பாரம். இவர் வேறு உயிரை வாங்குகிறாரே என்று எரிச்சல் வந்தது. போர்வையை எடுக்கப் போனாள். இடது கால் செருப்பு எப்போதோ கழன்று பின்னால் கிடந்தது. திரும்பி வந்து டம்ளரை எடுத்தாள், அது கை நழுவிக் காபி தரையெல்லாம் ஓடியது. வரவரக் கையில் பிடிமானமே இல்லை என்று நொந்துகொண்டாள்.

அவர் நல்ல கையால் தன்னுடைய கோணிப்போன வாயைத் தொட்டுக் காட்டினார்.

துண்டால் துடைத்துவிட்டாள். துண்டைத் தட்டிவிட்டு, எட்டி அவளுடைய வாயோரத்தைத் தொட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டப்பகலில், இந்த வயதில், கொஞ்சலைப் பார்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாசற்கதவை நோக்கிக் கையை நீட்டி நீட்டி அந்தச் சொல்லையே கத்தினார். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்த குரல், தெருவில் போகிறவர் ஒருவரையும் எட்டவில்லை.

வெளியே போக வேண்டுமா? இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே போக முடியும்?

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. என்ன கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருந்தாள். என்ன கேட்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டாள். எப்போது பிடித்தாரோ, அவளுடைய இடது கை அவர் கைக்குள் இருந்தது.

மகள் எடுத்ததும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். உன் அப்பா என்னவோ கேட்டு அழுகிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீயாவது கேட்டுச் சொல் என்றாள். போன் வேறு கரகரவென்றது.

மறுமுனையில் “ஹலோ, ஹலோ” என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு மகள் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அப்பா, நீங்க சொல்றது எதுவும் புரியலப்பா. போனை அம்மாகிட்ட குடுங்க.”