துடைத்த சிலேட்டு

ஜட்கா வண்டியின் மணி வாசலில் கணகணவென்று ஒலித்ததுமே யதுகிரி டீச்சர் எழுந்து நிற்கிறாள். பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மைசூரின் இந்தச் சின்னப் பெண்கள் பள்ளியில் ஒரே பாயில் மாமியாரும் மருமகளும் மாணவிகள். பதினாறு வயது வேதவல்லியைத் தனியே அனுப்ப வீட்டார் மறுத்தபோது, "நீங்களும் சேர்ந்துடுங்கோ" என்று மாமியார் சிங்கம்மாவை அழைத்தது டீச்சர்தான். இன்று தேறினால் வேதவல்லி மிடில் ஸ்கூல் போவாள். தவறினால் படிப்பு இன்றோடு சரி. இன்ஸ்பெக்டர் ஒரு பெருக்கல் கணக்கைச் சொல்கிறார். "இந்தத் தலைப்பாகைக்கு வேற வேலையில்லையாடி?" என்று முணுமுணுக்கிறாள் சிங்கம்மா. சிலேட்டுக் குச்சி கீச்சிடுகிறது. சாமுண்டி மலைப் பக்கத்து ஜன்னல் வெயிலில் வேதவல்லி எழுதிய விடை வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. சரியான விடை. அவள் பக்கத்துச் சிலேட்டைப் பார்க்கிறாள். அதில் ஒன்றுமே இல்லை. மாமியாரின் நெற்றியெல்லாம் வியர்வை. வேதவல்லி தலைகுனிந்து, முந்தானை நுனியால் தன் விடையைத் துடைக்கிறாள். டீச்சர் அதைப் பார்த்துவிடுகிறாள்; ஆனால் பரீட்சையில் வாய் திறக்கக் கூடாது. இரண்டு பெயருக்கும் நேரே சிவப்பு மையால் கோடு கிழித்துவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்து போகிறார். சிங்கம்மா மருமகளின் முதுகை ஆசையாகத் தடவுகிறாள்.

"தெரிஞ்சும் துடைச்சுட்டா, பார்த்தேளா டீச்சரம்மா? இதான் எங்காத்து மாட்டுப்பொண்!"