ஜாசின் வீட்டில் யார்?

“இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டா ஐயாயிரம் வெள்ளி மிச்சம்ணே” என்றாள் வக்கீல் ஆபீஸ் வாணி.

பேனாவை எடுத்த அந்தோணிராஜ், போடாமல் கேட்டான்.

“இதுல என்னம்மா எழுதியிருக்கு?”

“சத்தியப் பத்திரம்ணே. இதுக்கு முன்ன உங்க பேர்லயோ இந்த அக்கா பேர்லயோ வீடு இருந்ததில்ல, இப்ப வாங்கறதுதான் மொத வீடுன்னு. மொத வீடுன்னா பேர் மாத்தற ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. இல்லன்னா மொத லட்சத்துக்கு நூத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல நூத்துக்கு ரெண்டு. மூணு லட்சம் வீட்டுக்கு ஐயாயிரம் வரும். லோன் பேப்பருக்குத் தனி.”

பக்கத்தில் இருந்த அவன் மனைவி மரியசெல்வி சிரித்தாள்.

“பதினாலு வருஷமா பத்து பெரண்டாம் ஊர்ல வாடகை வீடு. எங்களுக்கு ஏதும்மா வேற வீடு? போடுங்க லா.”

மிச்சமாகிற ஐயாயிரத்தில் அடுப்படிக் கேபினெட்டுக்கு அவள் மனசுக்குள் ஆணியே அடித்துவிட்டாள். அளவெடுக்க ஆளுக்கும் சொல்லியாயிற்று.

அந்தோணிராஜ் பேனாவை மேசையில் வைத்தான்.

“எனக்கு ஒரு வீடு இருக்கு. ஜாசின்ல.”



“அந்த வீட்ல யாருண்ணே இருக்கா?” என்று வாணி கேட்டாள். கேட்டபிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது. மரியசெல்வி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“வண்டிய எடுங்க. ஜாசினுக்கு.”

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“உங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அக்கா தங்கச்சி, ஒருத்தரும் இல்ல. பெறகு எவளுக்கு வீடு?”

“நேர்ல வந்து பாரு. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“ஓ, வாக்கு வேறயா? தாலி கட்டறப்ப எனக்கு ஒண்ணு குடுத்தீங்களே, அது என்னாச்சு?”

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

“தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சிவப்பு மூடி டின்னு முறுக்கு வருமே. கூட வேலை செய்யறவன் குடுத்தான்னு சொன்னீங்க. நானும் கூறு இல்லாம தின்னேன்.”

வண்டி ஜாசின் சாலையில் திரும்பியது.

“நல்லாக் கேட்டுக்குங்க. உங்க பேர்ல இருக்கற வீடுன்னா அதுல எனக்கும் உரிமை இருக்கு. உள்ள எவ இருந்தாலும் சரி, இன்னிக்கே பொட்டியக் கட்ட வைப்பேன்.”

ஜாசினில், மலிவு விலை வீட்டு வரிசையில் கடைசி வீடு. கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயசு இருக்கும். பள்ளிக்கூடக் கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

“வாப்பா தம்பி. இது யாரு, செல்வியா? போட்டோவுலதான் பாத்திருக்கேன். வாம்மா, உள்ள வா.”

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை விட்டுவிட்டு மரியசெல்வி உள்ளே வந்து பார்த்தாள். அலமாரி மேல் அதே சிவப்பு மூடி டின்கள் நாலு அடுக்கியிருந்தன.

“இது யார் வீடு?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தம்மா அந்தோணிராஜைப் பார்த்தாள். “சொல்லுங்க சுப்பம்மாக்கா” என்றான் அவன்.

“உன் வீடுதாம்மா. வீட்டு கிராண்ட் பத்திரத்துல உன் வீட்டுக்காரர் பேருதான இருக்கு.” சுப்பம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நாங்க வேலை செஞ்ச தோட்டத்த வித்தப்ப ஆளுக்கு ஒரு வீடுன்னாங்க. நான் பொறந்தது இந்த மண்ணுதான், ஆனா பொறப்புப் பத்திரம் இல்ல. குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கற சிவப்பு ஐசி கார்டுதான். சிவப்பு ஐசிக்கு வீடு கிடையாதுன்னுட்டாங்க. வீட்டுக்காரரும் போயிட்டாரு, கையில ரெண்டு பொட்டப் புள்ளைங்க. தம்பி பக்கத்து லயத்து வீட்ல ஒண்டிக்கட்டையா இருந்துச்சு. தனக்கு வந்த வீட்டுச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு, பேக்டரி வேலைக்குப் போயிடுச்சு. வீட்டு மாசத் தவணைய நான் கட்டினேன். பேரு தம்பியோடது.”

“இத எங்கிட்டச் சொன்னா என்ன?” மரியசெல்வி கேட்டது அவனைப் பார்த்து.

“அது மேல கோவிக்காதம்மா. நான்தான் சத்தியம் வாங்கினேன். வெளிய தெரிஞ்சா வீட்டப் புடுங்கிருவாங்கன்னு பயம்.”

சுப்பம்மா உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். குடிமக்களுக்கான நீல ஐசி.

“போன மாசந்தான் கெடச்சுச்சு. இனிமே என் பேருக்கு மாத்திக்கலாமாம். அதுக்கு வரி இருக்காமே, கொஞ்சங் கொஞ்சமா சேத்துக்கிட்டிருக்கேன்.” சட்டென்று அவனிடம் திரும்பினாள். “எனக்குப் பேரக் குடுத்ததுல உனக்கு ஏதும் நட்டம் இல்லியே தம்பி?”

“ஒண்ணும் இல்லக்கா” என்றான் அந்தோணிராஜ்.

மரியசெல்வி அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சுப்பம்மா கொடுத்த காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

மறுநாள் காலையில் இருவரும் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள்.

“அந்தச் சத்தியப் பத்திரம் வேண்டாம்மா. ஐயாயிரத்தையும் கட்டிடறோம்” என்றாள் மரியசெல்வி. “கேபினெட்காரனை வர வேண்டாம்னுட்டேன். இன்னொண்ணு, அந்த ஜாசின் வீட்டையும் கையோட பேர் மாத்தணும்.”

வாணி அந்தோணிராஜை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள்.

“அதுக்கும் ஸ்டாம்ப் டியூட்டி வரும்க்கா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள, பெத்தவங்க புள்ளைங்களுக்குள்ளன்னாத்தான் விலக்கு. அந்த வீட்ல இருக்கறவங்க... உங்களுக்கு என்னக்கா வேணும்?”

“என் நாத்தனார்” என்றாள் மரியசெல்வி. “விலக்கு இல்லாட்டிப் பரவால்ல, அந்த வரியையும் எங்க பேர்லயே எழுதிக்க.”