ஒரே அடி

அடித்து முடித்த பிறகுதான் தன் கையில் கட்டைப் பொல்லு இருப்பதை அவர் கண்டார்.

ஒரே அடி. இரண்டு கண்களுக்கும் நடுவே, ஒரு விரற்கடை மேலே. மீன் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு வாலைத் தளரவிட்டது.

அவர் நிமிர்ந்து சிரித்தார்.

அடித்ததைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் யாராலும் பார்க்க முடியவில்லை. வேலையைச் சுத்தமாக முடித்தவன் நாலு பேர் மெச்சட்டும் என்று சிரிக்கிற சிரிப்பு.

யாரும் மெச்சவில்லை.

மருமகன் நிமலனின் மனேஜர் நாற்காலியிலேயே இருந்தார். தூண்டில் கோல் மடியில் கிடந்தது. ஒரு மணி நேரமாக மீனை இழுத்த கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். படகில் வேலை செய்யும் பெண் ஒரு கையால் மீனின் ஈட்டி மூக்கைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். மற்றக் கையில் ஒரு சிறிய மஞ்சள் அட்டை.

மீனின் முதுகில் இருந்த நீலம் மெல்ல அணைந்துகொண்டு போனது.

அவள் எழுந்து அவர் கையிலிருந்த பொல்லை வாங்கினாள். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல, விரல் விரலாக விலக்கி.

"மாமா, இஞ்ச பிடிக்கிறது விடுறதுக்கு," என்றான் நிமலன்.

அவருக்கு விளங்கவில்லை.

பிறகு அந்த மஞ்சள் அட்டையைப் பார்த்தார். அதில் ஓர் இலக்கம் இருந்தது. முதுகில் குத்தி விடுவதற்கு. இன்னொரு கடலில், இன்னொருவன் கையில் அகப்பட்டால், எவ்வளவு தூரம் நீந்தியது என்று அறிவதற்கு.

விளங்கியது.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று மன்னாரிலிருந்து ஆஸ்திரேலியா வந்து மூன்று மாதம். கடலைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தார். மனேஜர் நிமலனைக் கடலுக்கு அழைத்தபோது, மாமாவையும் கூட்டிவா என்றாராம். அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. நிமலனின் வேலை நிரந்தரமாவது இந்த மனிதரின் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். காலையில் வாசல்வரை வந்து, "அப்பா, ஒண்டையும் குழப்பிப்போடாதேங்கோ" என்றும் சொன்னாள்.

மனேஜர், எட்டு வருடமாக இப்படி ஒரு கொப்பரன் மீனுக்காக இந்தப் பவளப்பாறை ஓரமெல்லாம் அலைந்த மனிதர். எட்டு வருடம் தேடியதை இவர் ஒரு நொடியில் முடித்துவைத்தார்.

காலையில் இரைக்குப் பிடித்த சின்ன மீன்களை அந்தப் பெண் இதே பொல்லால்தான் அடித்தாள். அது அவர் காலடியில் கிடந்தது. பெரிய மீன் படகோரம் வந்து துள்ளியது. ஒரு பெண் பிள்ளையின் கை அதன் மூக்கில் இருந்தது. மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருடையது விமானமேறி இங்கேயும் வந்துவிட்டது.

நிமலன் மனேஜரிடம் குனிந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். சொறி, சொறி என்று எத்தனை தரம். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அது தன் கன்னத்தில் விழுவதாக அவருக்கு இருந்தது.

மனேஜரின் முகம் கொஞ்சம் இளகியது. எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நிமலன் பக்கத்தில் வந்து நின்றான். அவரைப் பார்க்காமல் சொன்னான்.

"பெரிய மீனைக் கண்டு பயந்து அடிச்சிட்டார் எண்டு சொல்லிட்டன். கடல் கண்டு பழக்கமில்லாத ஆள் எண்டும் சொன்னன். நீங்க ஒண்டும் கதைக்காதேங்கோ, மாமா."

அவர் தலையாட்டினார்.

நல்ல பொய்தான். பயந்தவனை மன்னிக்கலாம். தெரிந்து அடித்தவனை என்ன செய்வது?

மன்னார்க் கடலில் நாற்பத்திரண்டு வருடம்.

படகோட்டி மேலேயிருந்து இறங்கி வந்தான். வெயிலில் வெந்த கிழவன். செத்த மீனைப் பின்பக்கத்தால் உள்ளே இழுத்துப் போட்டார்கள். அது அவரைவிட நீளமாகக் கிடந்தது. படகோட்டி முழங்காலில் இருந்து அதன் தலையைத் தடவினான். அடிபட்ட இடத்தில் பெருவிரலை வைத்தான். இன்னோர் அடி எங்காவது இருக்கிறதா என்று தேடினான்.

இருக்கவில்லை.

அவன் எழுந்து வந்து, கேளாமலே அவர் வலக்கையை எடுத்து விரித்துப் பார்த்தான். விரல்களின் மடிப்புகளில் தூண்டில் நரம்புக் கயிறு அறுத்த கோடுகள். வெள்ளையாக, ஆழமாக, பழையதாக.

"ஃபிஷர்மேன்?"

அந்தச் சொல்லும் அவருக்குத் தெரியும்.

மனேஜர் திரும்பிப் பார்த்தார். நிமலனின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கையை மெல்ல இழுத்து மூடிக்கொண்டார். இல்லை என்று தலையை அசைத்தார். அது போதாதோ என்று நினைத்து இன்னொருமுறையும் அசைத்தார். வெட்கமாக இருந்தது. மீனுக்காகவா, இதற்காகவா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

படகோட்டி மேலே ஏறிப்போனான்.

படகு கரைக்குத் திரும்பியது. பாறையைத் தாண்டும் இடத்தில் ஒரு பெரிய அலை பக்கவாட்டில் வந்து அடித்தது. மனேஜர் நாற்காலியைப் பற்றினார். நிமலன் தடுமாறி முழங்காலில் விழுந்தான். அந்தப் பெண்கூட எட்டிக் கம்பியைப் பிடித்தாள்.

படகு ஆடி ஓய்ந்தது.

படகுத்தட்டின் நடுவில், இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, அவர் மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் அவசரமாக இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.