நான்காம் கூண்டு

நான்காம் கூண்டு எலி எழுந்து நடந்தது.

டாக்டர் அருள்நாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நாற்பது நாளாக இழுத்துக்கொண்டு கிடந்த வலது பின்னங்காலை அது ஊன்றி ஊன்றி வைத்து, கடலையை நோக்கிப் போனது.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் நல்லுசாமி கூண்டிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

நாகல் நகரில் டாக்டருடைய ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறை அது. எலியை மயக்கி, கழுத்தைக் கீறி, மூளைக்கு ரத்தம் போகும் இடது குழாயைப் பட்டு நூலால் இறுகக் கட்டுவார். மறுநாள் வலது பக்கம் விழுந்துவிடும், மனிதருக்கு வாதம் வருகிற மாதிரியே. சீமையிலிருந்து மெட்ராஸ் வழியாக வந்திருந்த மூன்று மருந்துகளில் எது கேட்கிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடும். இதற்கு முன்பு மருந்தில்லாமல் விட்டுப் பார்த்த நாலு எலியும் இரை எடுக்காமல் செத்துப்போயின. இப்போது இருக்கிற எலிகளுக்கு முதல் மருந்து.

சித்தையன்கோட்டையில் நல்லுசாமியின் மனைவி ஜக்கம்மாளும் வலது பக்கம் விழுந்துதான் கிடந்தாள். ஆறு மாதமாயிற்று. பேச்சும் இல்லை. கண் மட்டும் அவன் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். அந்தக் கண்ணுக்குப் பயந்தே காலையில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

எலிக்குக் கேட்டால்தான் மனிதருக்கு என்று டாக்டர் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். இந்த நல்ல மனிதர்களுக்கு அடுத்தவர் வீட்டு அவசரம் மட்டும் புரியவே புரியாது.

இப்போது அவர் கண்ணெல்லாம் ஈரம். நல்லுசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்ருச்சுப்பா! நாளைக்கே ஜக்கம்மாள வண்டி கட்டிக் கூட்டியா, மொத வேளை அவளுக்குத்தான். மத்த ரெண்டு மருந்தும் இனி எதுக்கு? பெட்டியில வச்சு ஆணி அடி, மெட்ராசுக்கே திருப்பி அனுப்பிருவோம்."

நல்லுசாமி அந்த இரண்டு பாட்டிலையும் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். திருட்டுப் பட்டம் வரும். அப்புறம் ஜக்கம்மாளை இவர் எதற்குத் தொடப் போகிறார்? சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டு மருந்தும் ரயிலேறிவிடும்.

"சரிங்கய்யா" என்றான்.

பெட்டியில் வைக்கோலைப் பரப்பினான். இரண்டு பாட்டிலையும் படுக்க வைத்தான். மூடியை வைத்து முதல் ஆணியை அடித்தான். ஆணி வளைந்தது. அடுத்தது ஒழுங்காக இறங்கியது.

டாக்டர் நல்லுசாமியின் பொறுப்பில் விட்டிருந்த முதல் மருந்தை, நாற்பது நாளில் ஒரு சொட்டைக்கூட அவன் எலிகளுக்குக் கொடுக்கவில்லை. புகட்டியதெல்லாம் கஞ்சித் தெளிவு. வாயில்லாத ஜீவன்களை ஏமாற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியில், ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, காலை நீவிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுப் புகட்டினான்.

மருந்து முழுவதும் ஜக்கம்மாளுக்குத்தான் போயிற்று. அவளுக்கு ஒரு விரல்கூட அசையவில்லை.