ஆட்டுக் கல்யாணத்து மாலை

அந்தக் காட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாலை கட்டுவது தூக்கணாங்குருவிதான். யானைகளுக்குத் தாமரை, அணில்களுக்குத் தும்பை என்று ஆளைப் பார்த்துக் கட்டும்.

வெள்ளாட்டு வீட்டுக் கல்யாணம் வந்ததும் மயில் பதறியது.

“காகிதத்துல பூ செஞ்சு கட்டிடு. நிஜப் பூன்னா மேடையிலேயே மேய்ஞ்சிடுங்க. உன் மானம்தான் போகும்.”

“காகிதத்தை மட்டும் விட்டுவைக்குமா?” என்ற குருவி, நேராகப் போய் ஜோடியையே கேட்டது. “உங்களுக்கு என்ன பூ பிடிக்கும்?”

மணப்பெண் தலைகுனிந்து, “அகத்திப்பூ” என்றாள்.

மாப்பிள்ளை எச்சில் விழுங்கினான். “இளசா இருந்தா இன்னும் நல்லது.”

குருவி இளம் அகத்திப்பூவாகப் பறித்து, அருகம்புல்லில் கட்டியது.

முகூர்த்தத்தில் மூன்று முறை மாலை மாற்ற வேண்டும். இரண்டு முறை ஒழுங்காக மாற்றினார்கள். மூன்றாவது முறை அவன் மாலையை அவளும், அவள் மாலையை அவனும் கடிக்க ஆரம்பித்தார்கள். தின்று முடித்தபோது இரண்டு மூக்கும் முட்டிக்கொண்டு நின்றன. பந்தலே குலவையிட்டது.

“போச்சு! ஒரு இதழ்கூட மிஞ்சலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டது மயில்.

“மிஞ்சியிருந்தாத்தான் என் மானம் போயிருக்கும்” என்றது குருவி.