ஒக்சிலியா ஆண்டியப்பன்

"ஒக்சிலியா என்றால் என்னவென்று தெரியுமா?"

விசாரணை அதிகாரி இப்படிக் கேட்டதும் ஆண்டியப்பன் திருதிருவென்று விழித்தார். ஏதோ மருந்தின் பெயராக இருக்கும் என்று பட்டது.

"தெரியலீங்க ஐயா."

அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தேயிலைக்கு உரமான மனிதருக்கு, தான் இந்த நாட்டுக்காரன்தான் என்று காகிதம் காட்டி நிரூபிக்கும் பாக்கியம் 1953-ல்தான் வாய்த்தது. அதற்காக விடியற்காலை பஸ் பிடித்து, மனைவி காளியாயியுடன் நுவரெலியாவுக்கு வந்திருந்தார். இன்று பிரஜாவுரிமை கிடைத்தால் இவர்களும் மூன்று பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள். கிடைக்காவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஐந்து பேர்.

'பிறந்ததிலிருந்து எங்கள் தோட்டத்து ஆள்' என்று தோட்டத்துத் துரை ஒரே வரியில் கடிதம் கொடுத்திருந்தார். அதைப் படித்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் ஆண்டியப்பனின் கம்பளிக் கோட்டில் மினுங்கிய உலக யுத்த மெடல் அவர் கண்ணில் பட்டது. கொழும்பில் லத்தீன் படித்த மனிதர். படித்ததைக் கேட்க ஆளில்லாமல் எத்தனை வருடம் தவித்தாரோ, பிடித்துக்கொண்டார்.

"அது லத்தீன் சொல். உதவிக்கு வந்த படை என்று அர்த்தம். ரோமாபுரிச் சேனையில் பிரஜைகளுக்கு ஒரு படை, பிரஜை அல்லாதவர்களுக்கு வேறு படை. அந்த இரண்டாவதுதான் ஒக்சிலியா. இருபத்தைந்து வருடம் உழைத்தால் அவனுக்கும் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை. வெண்கலத் தகட்டில் வெட்டிக் கொடுப்பார்கள்."

"நம்ம கதையாட்டமே இருக்குங்க" என்று காளியாயி புருஷனின் காதோரம் கிசுகிசுத்தாள்.

ஆண்டியப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் மனிதர்களின் அருமை தெரிகிறது.

"யுத்தத்தில் நீர் எங்கே போனீர்?"

"எகிப்து பக்கங்க. ஒரே மணல்காடு."

"என்ன வேலை?"

"ரோடு போட்டோம், பாலங் கட்டுனோம், குண்டுப் பெட்டி தூக்குனோம். சுடுறது வெள்ளக்காரங்க வேலைங்க. சாகுறதுல மட்டும் வித்தியாசம் பாக்கல, ரெண்டு பேரும்தான் செத்தோம்."

அதிகாரி ரசித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

"எத்தனை வருடம்?"

மூன்று வருடமும் சில மாதமும்தான். கேட்கிறவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது கஞ்சத்தனம் எதற்கு?

"நாலு வருசங்க."

"இடையில் லீவில் வந்தீரா?"

"ஒரு நாள்கூட வரலீங்க. கால்ல குண்டுச் சில்லு பாஞ்சப்பவும் வரல. எங்கய்யா செத்த தந்தி வந்தப்பவும் வரல. கப்பல் இல்லேன்னுட்டாங்க."

அதிகாரி உச்சுக்கொட்டினார். அதையும் விடாமல் எழுதிக்கொண்டார். தன் பெருமை அரசாங்கத் தாளில் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க ஆண்டியப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது. சண்டைக்குப் போகாமல் தோட்டத்து லய வீட்டிலேயே கிடந்த பயல்கள் பாவம், இங்கே வந்து எதைச் சொல்லப் போகிறார்கள்?

கடைசியில் அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். ஆண்டியப்பன் தன் கையைக் கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினார். ஒரு சர்க்கார் கை அவர் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. காளியாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாவீரர் ஐயா நீர். ரோமாபுரியில் பிறந்திருந்தால் இந்நேரம் பிரஜை."

"இங்கயும் ஐயா தயவுதாங்க."

அதிகாரி முத்திரையைக் குத்தி, தாளை அவரிடம் நீட்டினார்.

"மனு தள்ளுபடி. சட்டம் குறித்த வருடங்களில் இந்த நாட்டை விட்டு இடையில் போகாமல் இருந்தவருக்குத்தான் பிரஜாவுரிமை" என்றார் அதே அன்போடு. "நல்ல வேளை, துரை கடிதத்தில் விட்டுப்போன நாலு வருடத்தை நீரே சொன்னீர், இல்லாவிட்டால் தெரியாத்தனமாகக் கொடுத்திருப்பேன்."